உறைந்த ஆற்றின் மேல் கோர்ட்டுக் கட்டடம்

ஹாலெட் கவுண்டி என்கிற மாவட்டம் வரைபடத்தில் பார்க்க நல்ல சதுரம். எங்கோ தலைநகரத்தில் ஒரு மனிதன் அளவுகோலை வைத்து நாலு கோடு இழுத்துவிட்டு, மையை ஊதிக் காயவைத்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டான். டகோட்டா சமவெளியை அவன் கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்தால் சதுரத்துக்கு நடுவே, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போல வளைந்து வளைந்து போகும் எல்க் ஆற்றைக் கொஞ்சம் யோசித்திருப்பான். பாலம் கிடையாது. கிழக்குக் கரையில் பாதிக் கவுண்டி, மேற்குக் கரையில் மீதிப் பாதி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டின கதையாகிவிட்டது.

முதலில் ஊர் எழுந்தது கிழக்குக் கரையில்தான். ரோலின்ஸ் துறை என்று பெயர். ஓடம் இருந்தது, ஓட்டல் இருந்தது, பிறகு வெள்ளைச் சாயம் அடித்து, மரத்தாலேயே இரண்டு மாடிக் கோர்ட்டுக் கட்டடமும் வந்தது. கோர்ட்டு எங்கே இருக்கிறதோ அதுதான் கவுண்டியின் தலையூர். நிலம் பதியவும், கல்யாணம் பதியவும், வழக்காடவும் சனங்கள் அங்கே வந்துதான் தீரவேண்டும். வந்தவர்கள் ஓட்டலில் சாப்பிடுவார்கள், கடையில் ஆணி வாங்குவார்கள், குதிரைக்கு லாடம் கட்டுவார்கள். ஊர் அப்படித்தான் பிழைத்தது. அப்புறம் ரயில் வந்தது. வந்த ரயில் ஆற்றைத் தாண்டாமல் மேற்குக் கரையிலேயே நின்றுவிட்டது. ஒரே கோடையில் அங்கே டென்பி என்று ஒரு புது ஊர் காளான் மாதிரி முளைத்தது.

தலையூரை மாற்றலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. டென்பியில் தண்டவாளம் போட வந்த கூலியாட்கள்கூட ஓட்டுப் போட்டார்கள். துறையில் கல்லறைக்குள் இருந்தவர்கள் போட்டார்கள். கூலியாட்கள் கொஞ்சம் அதிகம், டென்பி ஜெயித்தது.

புதிதாகக் கட்ட யாருக்கும் மனமில்லை. அந்தச் சமவெளியில் வீட்டை அப்படியே பெயர்த்து இழுத்துக்கொண்டு போவது சாதாரண விஷயம். அடியில் நீளமான சறுக்குக் கட்டைகளைக் கொடுத்து, குதிரைகளைப் பூட்டினால் மரவீடு பின்னாலேயே வந்துவிடும். ஆற்றைக் கடக்கத்தான் வழியில்லை. அதற்கும் மார்கழி, தை என்று குளிர்காலம் முழுக்க ஆறே பாதையாக உறைந்து கிடக்கிறது. ஆனால் ஓட்டு எண்ணி, சண்டை போட்டு, மறுபடி எண்ணி முடிப்பதற்குள் மார்ச் மாதம் பிறந்துவிட்டது.

ஆமுண்ட் லீன் துறையின் ஓடக்காரன். நார்வேயிலிருந்து வந்தவன், தோள் அகலமான, அதிகம் பேசாத மனிதன். கோர்ட்டு போய்விட்டால் ஓடத்தில் ஏற யார் வருவார்கள்? ஊரிலேயே அதிகம் இழக்கப்போகிறவன் அவன்தான். அப்படிப்பட்டவன் கையில்தான் அந்தக் கோடாரியைக் கொடுத்தார்கள்.

அது என்ன கோடாரி என்று சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டியின் மேல் கட்டடத்தை இழுக்கும்போது, குதிரைகள் எல்லாவற்றையும் ஒரே வடத்தில் ஜோடி ஜோடியாகப் பூட்டுவார்கள். பாரம் ஒரே இடத்தில் விழாமல் இருக்க நீளமான வடம். கட்டடம் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கினால் அந்த வடம் குதிரைகளையும் ஓட்டுகிறவர்களையும் பின்னாலேயே இழுத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விடும். அதற்காகக் கட்டடத்தின் வாசற்படியில், வடம் கட்டிய இடத்தருகே, கோடாரியோடு ஒருவன் நிற்பான். பனி விட்டுக்கொடுக்கிறது என்று தெரிந்த கணத்தில் அவன் வடத்தை வெட்டவேண்டும். வெட்டினால் மனிதர் பிழைப்பார்கள், கட்டடம் ஆற்றோடு போகும். எப்போது வெட்டுவது என்பது அவன் ஒருவனுடைய முடிவு.

ஆமுண்டைத் தேர்ந்தெடுத்தவர் டர்பின். வீடு பெயர்ப்பதே தொழிலாக வைத்திருந்த ஒஹாயோக்காரர். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஓட்டல் வாசலில் வைத்துச் சொன்னார்.

"கோடாரி யார் கையில இருக்கணும்னு எனக்கு ஒரு கணக்கு உண்டு ஆமுண்ட். ஜெயிச்ச ஊர்க்காரன் கையில குடுத்தா, கூரை முழுகுற வரைக்கும் வெட்டமாட்டான். தோத்த ஊர்க்காரன் கையில குடுத்தா, குதிரை தும்மினாக்கூட வெட்டிப்புடுவான். உன் மச்சினன் டென்பிக்காரன். வடத்துல குதிரை கட்டுறான். நீ வீம்புக்கு வெட்டினா மச்சினன் மூஞ்சியில முழிக்கணும். வெட்டாம விட்டா பொண்டாட்டி மூஞ்சியில முழிக்கணும். இதைவிட நல்ல ஆள் எனக்கு எங்க கிடைப்பான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமுண்ட் சிரிக்கவில்லை.

அவன் மனைவி சிக்னி அன்று இரவு உணவுக்கு உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள். "ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல."

"நான் முடியாதுன்னா பெக் நிப்பான் அந்த இடத்துல."

பெக் ஓட்டல் முதலாளி. அந்தப் பெயரைக் கேட்டதும் சிக்னி ரொட்டியைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். ஒரு பக்கம் கருகிப்போனது. பெக் வீம்புக்கு வெட்டினால் இரண்டு கரையும் சுடத் தொடங்கும்; நடுவில் வடத்தோடு நிற்கப்போவது எய்னார். டர்பின் சொன்ன அந்த மச்சினன், அவளுடைய ஒரே தம்பி. கப்பலில் வரும்போது இறந்துபோன அம்மாவைக் கடலில் இறக்கிவிட்ட நாளிலிருந்து அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"கோர்ட்டு எங்க வேணா போகட்டும். ஓடமும் போகட்டும்" என்றாள். "என் தம்பியை அந்தக் கரையில ஏத்தி விட்டுடு. வேற எது வந்தாலும் நான் சமாளிச்சுக்கறேன்."

மறுநாள் விடியற்காலையில், பனி இறுகிக் கிடக்கும் நேரத்திலேயே கிளம்பவேண்டும் என்பது ஏற்பாடு. வானம் வெளுக்கும்போதே குதிரைகள் வந்துவிட்டன. சறுக்குக் கட்டைகளின் மேல் தண்ணீர் ஊற்றி உறையவிட்டு வழுவழுவென்று வைத்திருந்தார்கள். கட்டடம் கரையின் விளிம்பில், எங்கேயோ விருந்துக்குக் கிளம்பினது போல, ஜன்னலெல்லாம் துடைத்துப் பளபளப்பாக நின்றது. இரண்டு கரையிலும் சனக்கூட்டம். இரண்டு கரையிலும் துப்பாக்கிகள்.

அப்போதுதான் இரும்புப் பெட்டி விவகாரம் எழுந்தது. கவுண்டியின் நிலப் பத்திரங்கள் எல்லாம் கட்டடத்தின் பின்கோடி அறையில், ஒரு பெரிய இரும்புப் பெட்டியில் இருந்தன. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது.

"அதைத் தனியா இறக்கி, சறுக்கு வண்டியில ஏத்திக் கொண்டுபோயிடலாம்" என்றார் டர்பின். "ஒரு மூலையில அவ்வளவு பாரம் வேண்டாம்."

நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கவுண்டியில் அன்றைக்கு யாரை யார் நம்பினார்கள்? டென்பியின் பெரிய மனிதர் லாதம், மனை விற்கிறவர், கம்பளிக் கோட்டோடு குறுக்கே வந்து நின்றார். "இறக்கினா அது எங்க ஊர் வந்து சேராது. எனக்குத் தெரியாதா உங்களை? பெட்டி உள்ளயே இருக்கட்டும்."

பெக்கும் விடவில்லை. "கோர்ட்டைத்தான் தூக்கிட்டுப் போகலாம்னு ஓட்டுல இருக்கு. பெட்டியைத் தனியாத் தூக்கினா அது திருட்டு. தொட்டுப்பாரு, சுடுறேன்."

கடைசியில் எதிரும் புதிருமான அந்த இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: பெட்டி உள்ளேயே வரட்டும். அந்த ஒற்றுமைக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தெற்கிலிருந்து இளஞ்சூடான காற்று வீச ஆரம்பித்தது. ஓட்டல் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது.

டர்பின் துளைக்கோலால் பனியைத் துளைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று ஆமுண்ட் கேட்டான்.

"நாளைக்கு இதைவிடச் சூடா இருக்கும். இன்னிக்கு இல்லைன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரைக்கும் இவனுங்க சுடாம இருப்பானுங்களா?"

எய்னார் தன் நாலு குதிரைகளைக் கட்டடத்துக்கு மிகப் பக்கத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். இருப்பதிலேயே பலசாலிக் குதிரைகளைத்தான் பாரத்துக்கு அருகில் கட்டுவார்கள். அவை முதல் இழுப்பு இழுத்தால்தான் மற்றவை இழுக்க முடியும். ஏதாவது ஆனால் முதலில் போவதும் அவைதான். எய்னார் நிமிர்ந்து பார்த்து, சிவந்த மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன மாமா, கோடாரியத் தீட்டினியா? இல்ல அக்கா வெண்ணெய் வெட்டுற கத்திய எடுத்துட்டு வந்துட்டியா?"

"உன் நாக்கை வெட்ட இது போதும் மாப்பிள."

"பார்த்து. எங்க ஊர் கோர்ட்டு. கீறல் விழுந்தா உன்மேலயே கேஸ் போடுவேன்."

"போடு. சம்மன் எடுத்துட்டு எங்க ஊருக்கு வர்றவனுக்கு நான்தான் ஓடம் விடணும்."

ஆமுண்ட் வாசற்படியில் ஏறி நின்றான். முன்கதவைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் நீளமான நடை தெரிந்தது. அதன் கோடியில் இரும்புப் பெட்டி இருந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. பெக் ஏதோ உதவி செய்ய வந்தவன்போலப் படியருகே வந்தான்.

"ஆமுண்ட்" என்றான் தாழ்ந்த குரலில். "ஐஸ் சத்தம் போடும். எப்பவும் போடும். ஒரே ஒரு சத்தம் போதும் உனக்கு. அப்புறம் உன்னை ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது. நம்ம ஊரு, நம்ம புள்ளைங்க. யோசிச்சுக்கோ."

ஆமுண்ட் பதில் சொல்வதற்குள் டர்பின் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். சாட்டைகள் சொடுக்கின. வடம் விறைத்து எழுந்து, கம்பி போல நின்று, முனகியது. கட்டடம் ஒரு தரம் நடுங்கியது. பிறகு, தூங்குகிறவரை எழுப்பியது போல, மெதுவாக நகர ஆரம்பித்தது.

கரையிலிருந்து ஆற்றின்மேல் இறங்கியபோது குதிரைகளின் லாடம் பனியில் கொத்தும் சத்தமும், சறுக்குக் கட்டையின் கரகரப்பும்தான் கேட்டன. ஆமுண்டின் காலடியில் கட்டடம் மூச்சு விடுவது போல இருந்தது. பலகைகள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொண்டன. மேல்மாடியில் யாரோ மறந்துவைத்த ஒரு நாற்காலி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது.

நடு ஆற்றுக்கு வருவதற்கு முன்பே ஆறு குரல் கொடுத்தது. தூரத்தில் பீரங்கி வெடித்தது போல ஒரு 'டம்'. அந்த ஒலி பனிக்கு அடியிலேயே ஓடி, வளைவு வரை போய், திரும்பி வந்தது.

துறைப் பக்கம் கூட்டம் எழும்பியது. "வெட்டு! வெட்டு ஆமுண்ட்!"

டென்பிப் பக்கம் அலறியது. "கையை எடு! தொடாதே!"

குதிரைகள் காதைப் பின்னுக்கு மடக்கின. எய்னார் ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்போது சிரிப்பு எதுவும் இல்லை, பாவம். கப்பலில் அழுத அந்தக் குழந்தையின் முகம்தான் இருந்தது.

ஆமுண்ட் கோடாரியை உயர்த்தவில்லை. அது அவனுக்குத் தெரிந்த சத்தம். இறுக்கமாக இருக்கிற பனிதான் அப்படி உறுமும். கரைக்குக் கரை இழுத்துக் கட்டின பறைத்தோல்மாதிரி அது நிற்கிறது என்று அர்த்தம். கோடாரிப் பிடியில் அவன் விரல்கள் இறுகிக் கிடந்தன. பின்னால் பெக்கின் குரல் தனியாகக் கேட்டது, கூட்டத்தின் மேலே எழும்பி, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி. ஆமுண்ட் திரும்பவில்லை. இரண்டாவது 'டம்' வந்தது. மூன்றாவதும் வந்தது. அவன் அசையவில்லை.

"ஓட்டு மாப்பிள!" என்று கத்தினான். "நிறுத்தாதே, ஓட்டு!"

அவன் ஓடம் விட்ட வருஷங்களில் ஆற்றின் அடியெல்லாம் அவனுக்குப் பழக்கம். கிழக்கே மணல் திட்டு, ஆழமில்லை. மேற்குக் கரையை ஒட்டித்தான் நீரோட்டம், அங்கேதான் ஆழம், அங்கேதான் பனி மெல்லியது. சுருக்கமாகச் சொன்னால், பயம் முழுதும் டென்பி வாசலில்தான் காத்திருந்தது.

அந்த இடத்துக்கு வந்தபோது வடத்தின் முன்கோடி ஜோடிகள் கரையேறிவிட்டன. டென்பிக்காரர்கள் தொப்பிகளை வீசினார்கள். ஒரு மேளமும் கொம்பும் வைத்திருந்த ஊர் வாத்தியக் கோஷ்டி ஆரம்பித்துவிட்டது. லாதம் கரையில் இறங்கி வந்து இரண்டு கையையும் விரித்தார், பெண்ணழைக்க வந்தவர் போல. ஆறு இப்போது வாயே திறக்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. ஆமுண்டுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

அப்போது அவனுக்குப் பின்னால் ஏதோ கிரீச்சென்றது. திரும்பினான். நடையின் கோடியில், சாத்தியிருந்த அந்த அறைக் கதவு, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், மெல்லத் திறந்துகொண்டிருந்தது. முழுவதும் திறந்து, உள்சுவரில் போய் இடித்து, அப்படியே நின்றுவிட்டது. தரை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே இரும்புப் பெட்டி கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

ஆமுண்ட் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, கட்டடத்தின் பக்கவாட்டில் பின்பக்கம் பார்த்தான். பின்கட்டையைச் சுற்றி வெள்ளைப் பனியின்மேல் ஒரு கறுப்பு ஈரம் பரவிக்கொண்டிருந்தது. துணியில் எண்ணெய் ஏறுவதைப் போல, சத்தமில்லாமல், அவசரமில்லாமல். பனி உடையவில்லை. அது கீழே வளைந்துகொண்டிருந்தது.

கரை எவ்வளவு தூரம்? ஒரு கல்லை எறிந்தால் விழுந்துவிடும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் முன்கட்டை கரையைத் தொட்டாலும் தொடும். எய்னார் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, குதிரைகளைப் பெயர் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு போனான். அவன் காலுக்குக் கீழேதான் ஆழம்.

கண்ணுகளா, ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு கணம் வரக்கூடாது. வெட்டினால் என்ன சொல்வார்கள் என்று அவனுக்கு முழுசாகத் தெரியும். சத்தம் வந்தபோதெல்லாம் சும்மா நின்றான், கரை வந்ததும் வெட்டினான், தோற்ற ஊர்க்காரன் அல்லவா என்பார்கள். வாத்தியம் வாசிக்கும்போது வெட்டினான் என்பார்கள். அவன் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் சொல்வார்கள்.

அவன் கோடாரியைத் தூக்கினான்.

"டேய்!" என்று லாதம் அலறியது கேட்டது. முதல் வெட்டில் வடம் பாதி பிரிந்து, புரிபுரியாகத் தெறித்தது. அடுத்த வெட்டில் துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். அறுந்த நுனி பாம்பாகச் சீறி அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பாரம் விட்டதும் குதிரைகள் முழந்தாளிட்டு விழுந்தன, எழுந்தன, தலைதெறிக்கக் கரையை நோக்கி ஓடின. எய்னாரைக் கடிவாளமே இழுத்துக்கொண்டு போய்க் கரையில் போட்டது. ஆமுண்ட் படியிலிருந்து குதித்து, வழுக்கி விழுந்து, தவழ்ந்து, எழுந்து ஓடினான்.

கரையேறித் திரும்பிப் பார்த்தான்.

கட்டடம் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் பளபளக்க, நேராக, கம்பீரமாக, ஒன்றுமே நடக்காதது போல.

வாத்தியம் நின்றுவிட்டது. கொம்புக்காரன் மட்டும் கொஞ்சம் தாமதமாக நிறுத்தினான்.

முதல் அடி யார் அடித்தது என்று ஆமுண்டுக்குத் தெரியவில்லை. பனியில் விழுந்தவனை இன்னொருவன் காலரைப் பிடித்துத் தூக்கினான். லாதம் அவன் முகத்துக்கு நேரே வந்து, எச்சில் தெறிக்கக் கத்தினார். "எத்தனை வாங்கினே? பெக் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

"தண்ணி ஏறிச்சு" என்றான் ஆமுண்ட். கன்னத்திலிருந்து ரத்தம் வாய்க்குள் வழிந்தது. "பின்கட்டைப் பக்கம் தண்ணி ஏறிச்சு. கீழ வளையுது."

"அப்படியா? எங்க? காட்டு, எங்க வளையுது? உன் கண்ணுக்கு மட்டும் வளையுதா?"

டர்பின் துளைக்கோலை எடுத்துக்கொண்டு, கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தாங்கினாலும் தாங்கும்" என்றார். "விட்டாலும் விடும். கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும். நான் போகமாட்டேன்." புகையிலையைத் துப்பினார். "கோடாரிய அவன் கையில குடுத்தது நான். அதுக்குமேல நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லை."

"வேற வடம் இருக்கு" என்றார் லாதம். "குதிரையும் இருக்கு. கட்டுங்கடா. எய்னார், உன் நாலும் முதல்ல போகட்டும். நீ இழுக்காம அது அசையாது."

ஆமுண்ட் பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு எய்னாருக்கு முன்னால் போய் நின்றான். எய்னாரின் காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. அவமானத்தில் அவன் கண்கள் சிவந்திருந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவன் ஊர்க்காரர்கள், அவனோடு தினம் காப்பி குடிக்கிறவர்கள்.

"போகாதே மாப்பிள."

"வழி விடு மாமா."

"போகாதே. உன் கால்ல விழறேன், போகாதே."

"என் குதிரை குளம்புகூட நனையல!" எய்னார் கத்தினான். "பாரு! தொட்டுப் பாரு! நனைஞ்சிருக்கா? இந்த ஊர் முன்னாடி நான் இனிமே எப்படி நிப்பேன்? உன் ஆளு, உன் மாமா, உன் மாமான்னு என்னைக் கொல்லுவானுங்க. அந்த 'டம்'முக்கு வெட்டியிருந்தாக்கூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன். இங்க வந்தா வெட்டுவே?"

"அந்தச் சத்தம் ஒண்ணும் பண்ணாது. சத்தமில்லாம இருக்கும்போதுதான்..."

"எனக்கு ஆறைப்பத்திப் பாடம் நடத்தாதே!"

ஆமுண்ட் நகரவில்லை. எய்னார் அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினான். ஆமுண்ட் இரண்டடி பின்னால் போனான், மறுபடி வந்து அதே இடத்தில் நின்றான். எய்னார் மறுபடி தள்ளினான். மறுபடி வந்து நின்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"என்ன எய்னார், மச்சானும் மச்சானும் நடனம் ஆடறீங்களா? குதிரையக் கட்டு!"

எய்னார் அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்தான். பிறகு கட்டடத்தைப் பார்த்தான். அது இன்னும் அசையாமல்தான் நின்றது. பிறகு மாமனின் கன்னத்தைப் பார்த்தான். சதை பிளந்து தொங்கிற்று. அதைத் துடைக்கக்கூட அந்த மனிதனுக்குத் தோன்றவில்லை.

"நான் உன்னை நம்பல மாமா" என்றான் மெதுவாக.

"நம்ப வேண்டாம். போகாம இரு, போதும்."

எய்னார் குனிந்து, குதிரைகளின் பூட்டுச் சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தான். ஒன்று, அடுத்தது, அடுத்தது. லாதம் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தார்.

"என்ன பண்றே?"

"இது என் குதிரைங்க மிஸ்டர் லாதம். கோர்ட்டு ஊருது, குதிரை என்னுது. வேணும்னா நீங்க போய் இழுங்க, கோட்டு நல்லாத்தான் இருக்கு."

அவனுடைய நாலும் இல்லாமல் மற்றவர்களால் அந்தப் பாரத்தை முதல் இழுப்பு இழுக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். திட்டினார்கள், மன்றாடினார்கள், ஒரு கிழவர் காறித் துப்பினார். ஒவ்வொருவராகத் தங்கள் குதிரைகளையும் அவிழ்த்தார்கள்.

மத்தியானம் முழுக்க ஊர் கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. தெற்குக் காற்று நிற்கவேயில்லை. ஆமுண்டாலும் திரும்பிப் போகமுடியவில்லை. பனியின்மேல் தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிட்டது. தன்னை வெறுக்கிற ஊரில், ஒரு மரக்குவியலின் மேல், தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரும் வரவில்லை. கட்டடம் நின்றது, நின்றது, நின்றுகொண்டேயிருந்தது. விழுந்துவிடு என்று அவன் வேண்டிக்கொண்டான். உடனே தன்னையே வெறுத்துக்கொண்டான்.

சூரியன் சாயும்போதுதான் அது போனது. வயதானவர் நாற்காலியில் உட்காருவது போல, பின்பக்கம் மெதுவாக இறங்கியது. இரும்புப் பெட்டியின் மூலைதான் முதலில். ஜன்னல்கள் உடையும் வரை சத்தமே இல்லை. பிறகு பனி ஒரேயடியாக விரிந்து, கட்டடம் இடுப்பு வரை மூழ்கி, ஒருக்களித்துப் படுத்து, கூரை மட்டும் வெள்ளையாக மிதந்துகொண்டு வளைவைப் பார்த்துப் போனது.

"பார்த்தீங்களா?" என்றார் லாதம். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அழுகை இருந்தது. "எவ்வளவு நேரம் நின்னுச்சு பார்த்தீங்களா? அப்பவே இழுத்திருந்தா இந்நேரம் சதுக்கத்துல நின்னிருக்கும்."

யாரும் மறுக்கவில்லை. ஆமுண்டும் மறுக்கவில்லை. அது உண்மையாக இருக்கலாம். இழுத்திருந்தால் அந்த இழுப்பிலேயே எல்லாம் உள்ளே போயிருக்கும் என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டில் எது என்று இந்த உலகத்தில் யாராலும் இனிச் சொல்லமுடியாது.

அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், துறையில், ஆரவாரம் எழுந்தது. பெக் தன் ஓட்டல் மணியை அடித்தான். "ஆமுண்ட்! ஆமுண்ட்!" என்று கூவினார்கள். தொப்பிகள் பறந்தன. இந்தக் கரையில் திட்டுகிறார்கள், அந்தக் கரையில் கொண்டாடுகிறார்கள். இரண்டு கரையும் அவன் செய்யாத ஒரே காரியத்துக்காக. அடிவாங்கியபோதுகூட வராத கண்ணீர் அப்போது வந்தது அவனுக்கு.

எய்னார் தன் குதிரைகளோடு நின்றிருந்தான். ஆமுண்ட் எழுந்து அவனிடம் போனான்.

"மாப்பிள, நான் பார்த்தேன். கதவு தானாத் திறந்துச்சு. தண்ணி ஏறிச்சு. நீயாவது..."

"எனக்குத் தெரியாது மாமா." எய்னார் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நான் குதிரை முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

சொல்லிக்கொண்டே முதல் குதிரையின் கழுத்தில் கையை வைத்தான். அதைத் தடவிவிட்டு அடுத்ததிடம் போனான், அடுத்ததிடம் போனான், நாலாவதையும் தொட்டான். தொட்டு முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஆமுண்ட் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

எதிர்க்கரையில், கூவுகிற கூட்டத்தை விட்டு விலகி, ஒரு பெண் மட்டும் தண்ணீரின் விளிம்பு வரை வந்து நின்றாள். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனாலும் இரண்டு ஆண்களுக்கும் அது யாரென்று தெரிந்தது. எய்னார் தொப்பியைக் கழற்றி, தலைக்குமேலே உயர்த்தி, பெரிதாக ஆட்டினான். அவள் அதைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே, ஈரப் பனியின்மேல், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பனி முழுசாப் போய் ஓடம் இறங்குற வரைக்கும் நீ எங்க வீட்லதான்" என்றான் எய்னார். தொப்பியை மாட்டிக்கொண்டு, இரண்டு குதிரைகளின் கடிவாளத்தை ஆமுண்டின் கையில் திணித்தான். "இந்த ரெண்டையும் நீ பிடி. கடைத்தெரு வழியாத்தான் போகணும். வேற வழியில்லை. எல்லாரும் வாசல்ல நிப்பானுங்க, ஏதாவது சொல்லுவானுங்க."

"சொல்லட்டும்."

"தலையைக் குனிஞ்சுக்காதே. குதிரை மிரளும்."

ஆமுண்ட் கடிவாளத்தைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து, நடக்க ஆரம்பித்தான்.